பெயர்ப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

"டாப் கியரின் அடுத்த மூன்று தொகுப்பாளர்கள் யார்?" இதோ, பிபிசியின் அந்தக் கார் நிகழ்ச்சிக்கு இன்னொரு பட்டியல் கிளம்பிவிட்டது. ஒரு காமெடியன், ஓய்வுபெற்ற ஒரு ரேஸ் டிரைவர், யூடியூபில் கார் ஓட்டிப் பேர் வாங்கிய ஒரு பையன். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கு மட்டும் மாறாது. மூன்று நாற்காலி காலி, ஆளைப் பிடித்து உட்கார வைத்தால் நிகழ்ச்சி தானாக ஓடும். எப்படிங்க ஓடும்? 2015-க்குப் பிறகு எட்டுப் பேரை உட்கார வைத்துப் பார்த்தாகிவிட்டது. அதில் ஒருவர் முகம் கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் மிச்சம். இன்னும் பட்டியல் போடுகிறார்கள்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 2015 வரை அதைத் தொகுத்த ஜெரமி கிளார்க்சனின் பக்தன் என்று என்னைத் திட்ட வந்துவிடுவீர்கள். 2015 மார்ச்சில் அவர் செய்தது தப்பு. ஷூட்டிங் முடிந்து யார்க்ஷயரில் தங்கியிருந்த ஹோட்டலுக்கு வந்தால் சூடாகச் சாப்பாடு இல்லை, அதற்காகக் கூட வேலை செய்கிற தயாரிப்பாளரை அடிப்பதா? எந்த ஊர் நியாயம் அது? பிபிசி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது சரிதான். பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனுவை ராணுவ டாங்கியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்களே, அந்தக் கூத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவர் போனார், கூடத் தொகுத்த ரிச்சர்ட் ஹேமண்டும் ஜேம்ஸ் மேயும் பின்னாலேயே போனார்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த நிர்வாகத் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் போனார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். என் வயிற்றெரிச்சல் முழுக்க அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான்.

இந்த நிகழ்ச்சி என்ன சரக்கு என்பதே அதை வைத்திருந்த சேனலுக்குப் புரியவில்லை. 1977-ல் தொடங்கி 2001-ல் இழுத்து மூடப்பட்ட சாதாரண கார் நிகழ்ச்சி அது. கிளார்க்சனும் அவருடைய பள்ளிக்கூட நண்பர் வில்மனும் சேர்ந்து 2002-ல் அதை வேறொன்றாக மாற்றி எடுத்தார்கள். அந்த முதல் சீசனில் மே கிடையாது, ஜேசன் டாவ் என்று ஒருவர் இருந்தார். மே அடுத்த சீசனில்தான் வருகிறார். வந்த உடனே எல்லாம் கூடிவந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, பழைய எபிசோடுகளைப் போட்டுப் பாருங்கள், மூன்று பேரும் ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரியும். கிளார்க்சன் எதைக் கண்டாலும் கத்துவார், சுத்தியலைத் தூக்குவார். மே உருட்டிக்கொண்டே வந்து சேர்வார். ஹேமண்ட் குள்ளம் என்பதே ஒரு நிரந்தரக் கேலி. ஒருத்தன் வண்டி நடுக்காட்டில் நின்றால் மற்ற இரண்டு பேரும் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதில் பாதிக்கு மேல் எழுதி வைத்து நடித்ததுதான், பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தோம் அல்லவா, அந்தப் பழக்கம் படிய வருஷக்கணக்கில் ஆனது. அதை எந்த ஆடிஷனில் தேடிப் பிடிப்பீர்கள்?

2003-ல் வந்த ஹைலக்ஸ் சமாச்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிய 1988 மாடல் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ், சிவப்பு நிறம், ஏற்கெனவே நன்றாக அடி வாங்கிய வண்டி. அதைப் படிக்கட்டில் இறக்குகிறார்கள், மரத்தில் மோதுகிறார்கள், கடற்கரையில் கட்டிப் போடுகிறார்கள், அலை வந்து அதை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் புதைக்கிறது. தோண்டி எடுத்தால், புது உதிரி பாகம் எதுவும் கூடாது, கையில் இருக்கிற சாதாரண டூல்ஸ் மட்டும் என்ற விதியோடு மெக்கானிக் குனிந்து ஏதோ செய்கிறார், கட்டக் கட்டென்று இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மேலிருந்து கேரவனைப் போடுகிறார்கள், இரும்புக் குண்டால் இடிக்கிறார்கள், தீ வைக்கிறார்கள். கடைசியில் 240 அடி உயரக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏற்றி வைத்து, கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். இடிபாட்டிலிருந்து நசுங்கிய தகரமாக வெளியே வந்த வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. அந்த இடத்தில் கிளார்க்சனின் முகத்தைப் பாருங்கள். பொம்மையை உடைக்க முடியாமல் தோற்றுப்போன பையனின் முகம் அது. சேனல் என்ன பார்த்தது? கட்டடம் இடிகிறதை மட்டும் பார்த்தது. வெடியும் வேகமும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று முடிவு கட்டிவிட்டது.

அதனால்தான் 2016-ல் கிறிஸ் எவன்ஸ். நல்ல ரேடியோக்காரர், காரில் நிஜமான பைத்தியம் உள்ளவர், அவரைக் குறை சொல்லி என்ன பயன். பழைய ஸ்டுடியோ, ஹெல்மெட்டைக் கழற்றாத அந்த மர்ம ஓட்டுநர் 'ஸ்டிக்', பழைய பாட்டு, கிளார்க்சன் பேசுகிற ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கொடுத்து, போய்ப் பேசு என்று தள்ளிவிட்டால் மனிதர் என்ன செய்வார்? கத்தினார். ஆறு எபிசோடும் கத்தினார். மே மாத முதல் எபிசோடை 44 லட்சம் பேர் பார்த்தார்கள், ஜூலையில் கடைசி எபிசோடுக்கு 19 லட்சம் பேர் மிஞ்சினார்கள், மறுநாளே அவர் விலகிவிட்டார். நிகழ்ச்சியைப் புதிதாக யோசிக்க வேண்டிய வேலையை யாரும் செய்யாமல், தோற்ற பழியை மட்டும் ஒரே ஆள் தலையில் கட்டினார்கள்.

அப்புறம் 'ஃப்ரெண்ட்ஸ்' ஜோயி, அதாவது மேட் லெபிளாங்க், 2019 வரை ஓட்டினார். கூடவே சபீன் ஷ்மிட்ஸ், எடி ஜோர்டன், ரோரி ரீட், கிறிஸ் ஹாரிஸ். ஹாரிஸ் எனக்குப் பிடித்த ஆள், ஒரு காரின் ஸ்டீயரிங் கைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் சொன்னால் நமக்கே உள்ளங்கையில் உணர்கிற மாதிரி இருக்கும். ஷ்மிட்ஸ் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றக்கூடியவர், 2021-ல் காலமாகிவிட்டார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு வேறு ஒரு நிகழ்ச்சியை, அவர்களுக்கென்றே தைத்த நிகழ்ச்சியைச் செய்திருக்கலாமே? செய்யவில்லை. மூன்று ஆண்கள், கேலி, சவால், பட்டாசு என்ற பழைய சட்டையை இவர்களுக்கும் மாட்டிவிட்டார்கள்.

இனி வருவதுதான் எனக்குக் கொதிப்பை ஏற்றுகிற இடம். 2019-ல் பேடி மெக்கின்னஸும் ஃபிளின்டாஃபும் வந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஃபிளின்டாஃபைச் சொல்லித் தரத் தேவையில்லை, 2009-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்து, மூன்றே மேட்சில் காயத்தோடு திரும்பிப்போன அதே ஆள். பயம் அறியாதவர். அந்தப் பயமின்மையைத்தான் நிகழ்ச்சி தின்றது. 2019-லேயே எல்விங்டன் ஓடுபாதையில் மூன்று சக்கர வண்டியை வேகமாக ஓட்டி விபத்து, தப்பித்தார். எல்விங்டன் என்றால், 2006-ல் ஜெட் எஞ்சின் வைத்த வண்டியில் ஹேமண்ட் மணிக்கு 288 மைல் வேகத்தில் போய் டயர் வெடித்துக் கவிழ்ந்து, கோமா வரை போய் மீண்ட அதே இடம். இரண்டு தடவை எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. இவர்களுக்குக் கேட்டதா? 2022 டிசம்பரில் நிகழ்ச்சியின் சோதனைத் தடமான டன்ஸ்ஃபோல்டில் கூரையே இல்லாத மார்கன் மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து, ஃபிளின்டாஃப் முகம் தரையில் தேய இழுத்துச் செல்லப்பட்டார். பிபிசி மன்னிப்பு கேட்டது, 2023 நவம்பரில் நிகழ்ச்சிக்கு இப்போதைக்கு ஓய்வு என்று அறிவித்தது. இந்தப் போக்கில் போனால் பெரிதாக ஏதோ நடக்கும் என்று முன்பே சொன்னேன் என்கிறார் ஹாரிஸ். சொன்னவன் பேச்சைக் கேட்கிற வழக்கம் எந்தத் தொலைக்காட்சிக்கு இருக்கிறது?

சிரிக்க வைக்க வேறு வழி தெரியாதபோதுதான் ஆபத்தைக் கூட்டுகிறார்கள். மே மணிக்கு இருபது மைலில் உருட்டிக்கொண்டு வந்தாலே நாம் சிரித்தோம். அங்கே கூரையில்லாத வண்டி எதற்கு?

அந்த மூவரைப் பாருங்கள். பெயர் இல்லை, ஸ்டிக் இல்லை, ஸ்டுடியோ இல்லை. 2016-ல் அமேசானில் 'தி கிராண்ட் டூர்' தொடங்கினார்கள். ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார்கள், விருந்தினர் வருவதற்கு முன்பே செத்துவிடுவதாக ஒரு காமெடி வைத்தார்கள், சகிக்கவில்லை, அவர்களுக்கே சகிக்காமல் தூக்கிவிட்டார்கள். 2019-ல் கூடாரத்தையும் சுருட்டிவிட்டு, மூன்று பழைய வண்டி, ஒரு மோசமான சாலை என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது ஓடியது. 2024 செப்டம்பரில் வெளியான கடைசிப் பயணத்தை ஜிம்பாப்வேயில் தொடங்கி, 2007-ல் டாப் கியருக்காக வந்த அதே போட்ஸ்வானா குபு தீவில் கொண்டுபோய் முடித்தார்கள். பெயரைத் தொலைத்தவர்கள் எட்டு வருஷம் ஓட்டினார்கள், பெயரை வைத்திருந்தவர்கள் எட்டுப் பேரை மாற்றினார்கள். இதைவிட விளக்கமாக ஒரு விஷயம் எப்படிப் புரிய வைப்பது?

மின்சாரக் கார் காலம் வந்துவிட்டது, இனி கார் நிகழ்ச்சியே எடுபடாது என்று சிலர் சாக்குச் சொல்கிறார்கள். சத்தம் போடாத காரை வைத்து மூன்று பேர் சண்டை போட முடியாதா என்ன? நடுவழியில் சார்ஜ் தீர்ந்துபோய் மே பொறுமையாகக் கையேட்டைப் புரட்ட, கிளார்க்சன் பல்லைக் கடிப்பதை என்னால் இப்போதே பார்க்க முடிகிறது. சக்கரம் சுழல எது வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். கார் விவரம் வேண்டுமென்றால் யூடியூபில் பத்து நிமிஷத்தில் எடை, விலை, ரேஞ்ச் எல்லாம் கிடைக்கிறது. அதற்காக ஒரு மணி நேரம் யாரும் சோபாவில் உட்காரமாட்டார்கள்.

சரி, புதிது வேண்டாம், பழையதையாவது நிம்மதியாகப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் காசு கட்டி வைத்திருக்கிற ஓடிடியில் நடுவில் சில சீசன்களைக் காணவே காணோம். இருப்பதிலும் பாட்டு உரிமைச் சிக்கலால் பின்னணி இசையைப் பிடுங்கிவிட்டு லிஃப்டில் ஓடுகிற மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். ரீல்ஸில் தேடினால் படத்தை நெடுக்காக வெட்டி, பாதி ஹேமண்டையும் கால்வாசி காரையும் காட்டி, மேலே எவனோ ஒருவன் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற முகத்தை ஒட்டுகிறார்கள். போதாக்குறைக்குக் குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஜேம்ஸ் மேயை! வேகமாக!

கார் நிகழ்ச்சி எடுக்க ஆசையா, தாராளமாக எடுங்கள். ஹாரிஸ் மாதிரி ஓட்டத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள், வேறு பெயர் வையுங்கள், ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், மூன்று பேர்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடுங்கள், முதல் இரண்டு சீசன் தடுமாறினால் கத்தியைத் தூக்கிக்கொண்டு வராமல் காத்திருங்கள். அதற்கு முன்னால், 2002-லிருந்து 2015 வரை உள்ள எபிசோடுகளை ஒன்றுவிடாமல், அகலத் திரையில், சொந்தப் பாட்டோடு எங்காவது ஒரே இடத்தில் போட்டு வையுங்கள். அதற்குக் காசு கட்ட நான் தயார்.