மரம் நட்டீர்கள் சரி, தண்ணீர் யார் ஊற்றுவது?

நம் பினாங்குப் பள்ளி வாசலில் மரம் நட்டார்களே, நேற்றிலிருந்து ஆளாளுக்கு அந்தப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன் சாமி. வெள்ளைக் கையுறை, ரிப்பன் கட்டிய மண்வெட்டி, பேனர், வரிசையாகச் சிரிப்பு. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. 'பசுமைப் பள்ளி'யாம்.

எந்த இடத்தில் நட்டார்கள் என்று யாராவது கவனித்தீர்களா? பள்ளி விடுமுறையில் சத்தமில்லாமல் வெட்டிச் சாய்த்தார்களே இரண்டு பெரிய அங்சானா நிழல் மரங்கள், அதே இடம். அடிக்கட்டையைக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழி, ஒரு கன்று.

மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து எனக்குப் பாடம் எடுப்பீர்கள். தாராளமாக நடுங்கள். நாளைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? அதுதான் கேள்வி. 2021இல் மலேசியா முழுக்க 10 கோடி மரம் நடும் இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வாசலில் நின்ற இரண்டை வெட்டிவிட்டு இரண்டு கன்றைக் கணக்கில் சேர்த்தால், அதற்குப் பெயர் நடுவதா?

படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மத்தியானம் என் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றப் போனபோது குனிந்து பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கழற்றவே இல்லை. பையோடு புதைத்திருக்கிறார்கள், விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. வேர் எங்கே போகும்? உள்ளேயே சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். குச்சியோடு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கியதில் பட்டையில் இப்போதே தடம் விழுந்திருக்கிறது. கயிற்றை மட்டும் அறுத்துவிட்டு வந்தேன்.

"வேன் ஓட்டுறவருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று பெற்றோர் குரூப்பில் ஒருவர் கேட்டார். கீழே நாலைந்து சிரிப்பு முகங்கள். என் அப்பா முனிசிபல் தொழிலாளி. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைந்ததும், விடியற்காலையிலேயே தண்ணீர் லாரியில் போய்விடுவார். சாலையோரக் கன்று ஒவ்வொன்றின் அடியிலும் விரலை விட்டு ஈரம் பார்ப்பார். மேல் மண் நனைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே, வேர் குடித்ததா பார் என்பார். வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அந்த நகக்கண்ணில் மண் இருக்கும். அம்மா திட்டுவார், அவர் சிரிப்பார். அந்த மரங்களின் நிழலில்தான் இன்றைக்கு நீங்கள் ஏசி காரை நிறுத்திக்கொண்டு குரூப்பில் எமோஜி போடுகிறீர்கள். அவரை யாரும் படம் எடுத்துப் போட்டதில்லை.

சரி, "மரம் விழுந்து பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீயா பொறுப்பு?" என்கிறீர்கள். நியாயமான பயம். 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நம் பினாங்கிலேயே வேன் மேல் மரம் விழுந்து சீனாவிலிருந்து வந்த இரண்டு பேர் இறந்தார்கள். நானும் வேன்தான் ஓட்டுகிறேன், எனக்கு அந்தப் பயம் இல்லையா? ஆனால் மரத்தை விழ வைப்பது யார்? லோங்காங்கை, அதாவது சாலையோரச் சாக்கடையை, அகலப்படுத்த ஒரு பக்கத்து வேரை அறுப்பது, அடிமரம் வரை சிமெண்ட் பூசுவது, உச்சியை மொட்டையடிப்பது. மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கும் கிளைக்குப் பிடிப்பு இருக்காது, வெட்டுவாய் வழியாக உளுத்துப் போகும். நம் வாசலில் இதில் எது நடக்கவில்லை? போதாததற்கு ஆணியடித்து டியூஷன் விளம்பரம் வேறு.

இன்னொன்று. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், உடனே விழுந்துவிடும் மரம் என்றால் விதிவிலக்கு உண்டு. நம்முடையவை பட்டுப்போனவையா? போன மாதம்கூடப் பூத்து, சாலையே மஞ்சளாகக் கிடந்தது. கடிதம் எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அண்ணே, இதை அரசியலாக்காதீங்க" என்று பதில் வந்தது.

இலை கொட்டுகிறதாம். பெருக்குங்கள்.

"உனக்கு நிழலில் வேன் நிறுத்த வேண்டும், அதற்குத்தான் இந்தக் கூச்சல்." ஆமாம்! அதற்கும்தான். வெயிலில் நின்ற வேனில் உங்கள் பிள்ளைதானே ஏறி உட்காருகிறது? முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று புத்தகப் பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஓடி வருகிறது. 2016 ஏப்ரலில் பக்கத்துக் கெடாவிலும் பெர்லிசிலும் வெயிலுக்காகப் பள்ளிகளையே மூடினார்கள். அடுத்த முறை அப்படி ஒரு வெயில் வந்தால் பேனரையா பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறோம்? வெட்டியதற்கு உண்மைக் காரணம் கார் நிறுத்த இடம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்க மாட்டீர்கள், ஏனென்றால் நிறுத்தப்போவதே நீங்கள்தான். வேன் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி வைத்திருப்பவர்களும் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள், அதை இங்கே பேச வேண்டாம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு கன்றையும் தோண்டி, பையைக் கிழித்துவிட்டு, மறுபடி நடப் போகிறேன். வாளி என்னிடம் இருக்கிறது. மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ரிப்பன் தேவையில்லை. அனுமதி வாங்கினாயா என்று கேட்கப் போகிறவர்கள், மரத்தை வெட்ட வாங்கிய அனுமதிக் கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு வரவும்.