மரியா வந்த பிப்ரவரி

1999 பிப்ரவரியில் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த பாடகிக்கு அப்போது வயது 53. பெயர் டெபி ஹாரி. குழுவின் பெயர் பிளாண்டி. பாட்டு 'மரியா'. இருபது வருஷத்துக்கு முன்பு, 1979இல், அதே பிப்ரவரி மாதம், அதே பட்டியலில், அதே குழுவின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' முதலிடத்தில் இருந்தது.

பழைய குழு ஒன்று திரும்பி வருகிறது என்றால் "காசு தீர்ந்திருக்கும், அதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். போன வாரம் நண்பர் ஒருவரும் இதையேதான் சொன்னார். பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாவைத் திறந்து வாசனை காட்டுகிறார்கள் என்றார். நிறையப் பேர் விஷயத்தில் அவர் சொல்வது சரி. பழைய பத்துப் பாட்டை ஊர் ஊராகப் பாடிவிட்டுப் போகிற குழுக்கள் எத்தனையோ இருக்கின்றன. பிளாண்டி விஷயத்தில் மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்குப் பேச்சில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் யார் என்று கொஞ்சம். 1974இல் நியூயார்க்கில் டெபி ஹாரியும் கிதார் வாசிக்கும் கிறிஸ் ஸ்டைனும் சேர்ந்து தொடங்கிய குழு. இருவரும் காதலர்கள். தெருவில் போகும்போது லாரிக்காரர்கள் "ஏய் பிளாண்டி", அதாவது பொன்னிற முடிக்காரி, என்று டெபியைப் பார்த்துக் கத்துவார்களாம். அந்தக் கேலியையே எடுத்துக் குழுவுக்குப் பெயராக வைத்தார். பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற சின்ன கிளப்தான் அவர்கள் வளர்ந்த இடம். ராமோன்ஸ், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ் எல்லாம் அதே மேடையில் வாசித்தவர்கள்தான். அந்தக் கூட்டத்திலிருந்து வந்த இசையில் ஒரு பகுதிக்குப் பின்னால் நியூ வேவ் என்று பெயர் வந்தது. பங்க் இசையின் துடுக்கும் இருக்கும், காதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டும் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் பிளாண்டியிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய துணிச்சல். ராக் ரசிகர்கள் டிஸ்கோவைத் தீண்டத்தகாததாக வைத்திருந்த நேரத்தில் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' போட்டார்கள். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் டிக் டிக் என்று கேட்கும் தாளம் ஒரு ரோலண்ட் தாளப் பெட்டியிலிருந்து வருவது. அதற்கு மேலேதான் குழுவின் டிரம்மர் கிளெம் பர்க் என்ற மனிதர் தன் டிரம்ஸை வாசித்திருக்கிறார். இயந்திரம் பிசகாமல் போகும். மனிதரும் பிசகவில்லை, ஆனால் அவர் வாசிப்பில் மூச்சு இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் ஜமைக்காவின் ரெக்கே பக்கம் போனார்கள். 1981இல் 'ராப்சர்' என்ற பாட்டில் டெபி ராப் பாடினார். ராப் இடம்பெற்ற ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. பிராங்க்ஸ் தெருக்களில் அந்த இசையை வளர்த்தவர்களின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே சொல்லியும் இருக்கிறார்.

அடுத்த வருஷமே எல்லாம் முடிந்தது. 1982இல் வந்த ஆல்பம் ஓடவில்லை, கச்சேரிகளுக்குக் கூட்டம் வரவில்லை, குழு கலைந்தது. கூடவே கிறிஸ் ஸ்டைன் படுத்த படுக்கையானார். அவருக்கு வந்தது பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற நோய். நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே நம் தோலைத் தாக்கும். தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தை அது அழித்துவிடும். வாய்க்குள்ளேயும் உடம்பிலேயும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உடைந்து புண்ணாகும். சாப்பிட முடியாது, உடுத்த முடியாது. ஸ்டீராய்டு கொடுத்துத்தான் அடக்க வேண்டும். சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரையே எடுத்துவிடும். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் டெபி.

இந்த இடத்தைத்தான் நண்பரிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 1979இலிருந்து 81க்குள் அமெரிக்காவில் நான்கு முதலிடப் பாட்டுகள் கொடுத்த பாடகி. சுவரொட்டிகளில் அவர் முகம் இல்லாத ஊர் இல்லை. அப்படிப்பட்டவர் உச்சத்திலிருந்து இறங்கி வந்து ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிப் பிரச்சினையில் வீடும் கைவிட்டுப் போனது. நடுவில் தனியாக ஆல்பங்கள் போட்டார், படங்களில் நடித்தார். பெரிதாக எதுவும் நிலைக்கவில்லை. அவருக்கு மார்க்கெட் போய்விட்டது என்று எழுதினார்கள். போனது உண்மைதான். ஏன் போனது என்று பார்க்க வேண்டாமா?

எண்பதுகளின் கடைசியில் இருவரும் காதலர்களாகப் பிரிந்துவிட்டார்கள். ஆனால் நட்பு விடவில்லை. சேர்ந்து பாட்டு எழுதுவதும் விடவில்லை. கிறிஸ் பின்னால் வேறொருவரைத் திருமணம் செய்து அப்பாவும் ஆனார். இன்றைக்கும் பிளாண்டி என்றால் இந்த இரண்டு பேர்தான். இப்படி ஓர் உறவுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதை வருகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் டெபி ஜாஸ் பேசஞ்சர்ஸ் என்ற குழுவோடு பாடப் போனார். ராக் மேடையில் குரலை வீசிப் பழகியவர், ஜாஸில் குரலை அடக்கி, சொல்லுக்குச் சொல் நிதானமாகப் பாடக் கற்றுக்கொண்டார். 'மரியா'வைக் கேட்கும்போது இதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். ஆரம்பச் சரணங்களில் குரல் கீழேயே நிற்கும், கொஞ்சம் கரகரப்போடு, கிட்டத்தட்டப் பேசுவதுபோல. 1979இன் மெல்லிய கண்ணாடிக் குரல் இது இல்லை. அப்புறம் பல்லவி வந்ததும் அந்த ஒரு பெயரை எடுத்து மேலே வீசுகிறார். மூன்றே எழுத்து, ஆனால் எவ்வளவு தூரம் போகிறது! அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் என்பதால்தான் அந்த வீச்சுக்கு அவ்வளவு பலம். 33 வயதில் அவரால் இந்தப் பாட்டை இப்படிப் பாடியிருக்க முடியாது என்பது என் திடமான எண்ணம்.

எழுதியவர் கீபோர்டு வாசித்த ஜிம்மி டெஸ்ட்ரி. 'அட்டாமிக்' பாட்டில் டெபியோடு சேர்ந்து வேலை செய்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் படித்த காலத்து நினைவிலிருந்து 'மரியா'வை எழுதினார். எட்ட முடியாத ஒரு பெண்ணைப் பார்த்து ஏங்கும் பையனின் பாட்டு. அதை 53 வயதுப் பெண் ஒருவர் பாடுகிறார். ஒருகாலத்தில் ஊரே ஏங்கிப் பார்த்த பெண் அவர்! பாட்டில் இருப்பவளையும் பாடுபவரையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் இந்தப் பாட்டின் அழகு.

பிரிட்டனில் அது அவர்களின் ஆறாவது முதலிடம். 70களிலும் 80களிலும் 90களிலும் முதலிடம் பிடித்த குழு என்று ஆனது. அமெரிக்காவில் 82ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. சொந்த ஊர்க்காரர்கள் கண்டுகொள்ளவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

'மரியா' வந்த 'நோ எக்ஸிட்' ஆல்பம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தலைப்புப் பாட்டில் ராப் பாடகர் கூலியோவைக் கொண்டுவந்து பழைய ஐரோப்பிய இசைமேதை பாஹின் ஆர்கன் இசையோடு கோத்திருக்கிறார்கள், ஒட்டவே இல்லை. அடுத்து வந்த ஆல்பங்களிலும் சுமாரானவை உண்டு, 2014இல் வந்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் புதுப் பாட்டுகளோடு வந்தது. சறுக்கினாலும் புதிதாக ஒன்றைச் செய்து சறுக்கினார்கள். 2017இல் வந்த 'பாலினேட்டர்' அதற்கெல்லாம் ஈடு கட்டியது. நியூயார்க்கின் மேஜிக் ஷாப் ஸ்டூடியோவில், டேவிட் போவி தன் கடைசி ஆல்பத்தைப் பதிவு செய்த அதே இடத்தில், அது மூடப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் பதிவு செய்தது. ஜானி மார், சியா, சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்று பின்னால் வந்தவர்களிடம் பாட்டு கேட்டு வாங்கினார்கள். மூத்தவர்கள் தங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் போய் "ஒரு பாட்டுக் கொடு" என்று கேட்பதற்குப் பெரிய மனசு வேண்டும். அதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. பிரிட்டனில் அந்த ஆல்பம் நான்காம் இடம் வரை போனது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. குழு மறுபடி கூடியபோது பழைய உறுப்பினர்கள் நைஜல் ஹாரிசனையும் பிராங்க் இன்ஃபான்டேவையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள்; குழு சேர்வதைத் தடுக்க முடியவில்லை. 2006இல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பிளாண்டியைச் சேர்த்த இரவு, இன்ஃபான்டே மேடையிலேயே, எல்லார் முன்னாலும், எங்களையும் இன்றைக்கு வாசிக்க விடுங்கள் என்று கேட்டார். டெபி மறுத்துவிட்டார். அந்த வீடியோவை ஒருமுறைதான் பார்த்தேன், இன்னொரு முறை பார்க்க மனசு வரவில்லை. உள்ளே என்ன நடந்ததோ, அவரவர் காயம் அவரவருக்கு. ஆனாலும் அந்த ஒரு இரவு, ஒரே ஒரு பாட்டுக்கு, அவர்களையும் வாசிக்கவிட்டிருக்கலாம். 'பிளாண்டி என்பது ஒரு குழு' என்று ஒருகாலத்தில் பேட்ஜ் அடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்.

சரி, கிளெம் பர்க்குக்கு வருகிறேன். நண்பரின் பேச்சோடு, இந்தப் பதிவை எழுதத் தூண்டியவர் அவரும்தான். குழு இல்லாத வருஷங்களில் யூரித்மிக்ஸோடு வாசித்தார், ராமோன்ஸோடு இரண்டு கச்சேரி வாசித்தார், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். பிளாண்டி மறுபடி கூடியபோது டிரம்ஸுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். பிரிட்டனில் விளையாட்டு அறிவியல் ஆராய்ச்சியாளர்கள் கச்சேரியின்போது அவர் உடம்பில் கருவி மாட்டிப் பரிசோதித்தார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140, 150 என்று ஓடி, சில நேரம் 190 வரை போனது. அதாவது உயர்மட்டக் கால்பந்து வீரர்களுக்கு ஆட்டத்தில் இருக்கும் துடிப்பு. ஒன்றரை மணி நேரம், இரவுக்கு இரவு, ஐம்பது வயதைத் தாண்டியும். இப்படி உழைக்கிற மனிதரைப் பார்த்து வாசனை காட்ட வந்தவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

2023 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடையில் பிளாண்டி வாசித்ததை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. டெபிக்கு 78 ஆக இன்னும் சில நாட்கள்தான் பாக்கி. உடல்நிலை காரணமாகக் கிறிஸ் மேடைக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். பேஸ் கிதாரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கிளென் மேட்லாக். டெபியின் குரல் எல்லா இடத்திலும் எட்டவில்லை. உயரமான இடங்களைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாடினார். எட்டாத இடத்தைக் கூட்டம் எடுத்துப் பாடியது. பின்னால் கிளெம், அதே வேகம், அதே ஆவேசம்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி அவர் புற்றுநோயால் இறந்தார். வயது 70.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 'மரியா'வைப் போட்டேன். இந்தத் தடவை டெபியை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்டேன். பல்லவிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கிளெம் ஓர் உருட்டு உருட்டி, அந்தப் பெயரைத் தூக்கி டெபியின் குரலிடம் கொடுக்கிறார். பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.