மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்குமா?

“மின்சாரக் காரை மழையில் சார்ஜ் போடாதீங்க, கதவைத் தொட்டாலே கரண்டு அடிக்கும்.” சுங்கை சிப்புட் தோட்டப்பக்க வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறான தகவல்.

மலேசியாவில் பரவலாக உள்ள டைப் 2 என்ற கார் சார்ஜிங் பிளக்கின் முகத்தைப் பாருங்கள். ஏழு துளைகள், மேலே இரண்டு மட்டும் சிறியவை. பிளக் சரியாகப் பொருந்தியதா என்று ஒன்று பார்க்கிறது. மற்றதன் வழியாகக் காரும் சார்ஜரும் சமிக்ஞை பரிமாறுகின்றன. அது முடிந்த பிறகே மின்சாரம் வரும். கையில் பிடித்திருக்கும்போது பிளக்கில் கரண்டே கிடையாது.

கதவும் அப்படித்தான். சாதாரண 12 வோல்ட் பேட்டரியின் ஒரு முனை கார் உடம்போடு இணைந்திருக்கும்; ஓட்டத்துக்கான பெரிய பேட்டரியின் இரு முனைகளுமே உடம்பைத் தொடுவதில்லை. மின்கசிவு தெரிந்தால் கார் எச்சரிக்கும்.

உண்மையான ஆபத்து வேறு: ஜன்னல் வழியே மலிவான எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, ஈரத்தரையில் போட்டு சார்ஜ் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரையும் நீங்களாக ஸ்டார்ட் செய்யாமல், இழுவை லோரியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள்.