வீடியோ உங்களுடையது என்றால் பக்கெட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்

வேலூரில் நீட், டிஎன்பிஎஸ்சி வகுப்புகளை வீடியோவாக விற்கிற பயிற்சி மையங்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பிளேயரும் டேஷ்போர்டும் எந்த ஹோஸ்டிங் தளத்துடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கோப்புகள் கிடக்கும் எஸ்3 பக்கெட்டும் (அமேசானின் இணையச் சேமிப்பிடம்), அவற்றை மாணவர் கைக்கு அனுப்பும் கிளவுட்ஃபிரண்ட் கணக்கும் (அமேசானின் விநியோகச் சேவை) உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்க வேண்டும். நாளைக்குத் தளம் மாறினால் பல வருடப் பாடங்களை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றும் அவஸ்தை வராது. எல்லாத் தளமும் சொந்தக் கணக்கை இணைக்க விடாது. சந்தா கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலில் செலவுக் கணக்கு. 720பி பாடம் விநாடிக்கு 1.5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி. 200 மாணவர்கள் ஒருமுறை முழுக்கப் பார்த்தால் 135 ஜிபி. பயன்படுத்தும் அளவுக்குக் கட்டும் முறையில் கிளவுட்ஃபிரண்ட் மாதம் 1 டிபி இலவசமாகத் தருகிறது. ஏறக்குறைய 1,480 மணி நேரம் பார்க்கலாம். அதைத் தாண்டினால் இந்தியாவுக்கு ஜிபிக்கு 0.109 டாலர். எஸ்3-இலிருந்து கிளவுட்ஃபிரண்டுக்குப் போவதற்குக் கட்டணம் இல்லை. போர்டு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றால் 480பி தாராளமாகப் போதும், அளவு கிட்டத்தட்ட பாதியாகும். அதற்கு மேல் வைப்பது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

பக்கெட்டை மும்பை ரீஜனில், அதாவது அமேசானின் மும்பை சர்வர் மையத்தில், திறங்கள். பெயரில் புள்ளி வைக்காதீர்கள், பின்னால் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் தகராறு வரும். பொது அணுகலைத் தடுக்கும் நான்கு டிக்கும் அப்படியே இருக்கட்டும். கிளவுட்ஃபிரண்டில் ஓஏசி (பக்கெட்டைத் திறக்கும் அதன் அடையாள அட்டை மாதிரி) அமைத்து, அது தரும் பாலிசியைப் பக்கெட்டில் ஒட்டினால் கோப்பைப் படிக்க உங்கள் அந்த ஒரு கிளவுட்ஃபிரண்ட் விநியோகத்துக்கு (டிஸ்ட்ரிபியூஷன்) மட்டும் வழி திறக்கும்.

ஹோஸ்டிங் தளத்துக்கு, எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கின் கீயைக் கொடுக்கவே கூடாது. எக்ஸ்டர்னல் ஐடியோடு (தளத்தை அடையாளம் காட்டும் குறியீடு) ஐஏஎம் ரோல் (நிரந்தரக் கீ இல்லாமல் தற்காலிக உரிமை தரும் அமேசான் முறை) கேட்கும் தளம் என்றால் நல்லது. இல்லையென்றால் தனி ஐஏஎம் பயனர் உருவாக்கி, அந்த ஒரு பக்கெட்டில் எழுத, படிக்க, பட்டியலிட மட்டும் உரிமை கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: பட்டியலிடும் உரிமை பக்கெட்டின் ஏஆர்என்னுக்கு (அமேசானில் அதன் முழு அடையாளப் பெயர்), எழுதுவதும் படிப்பதும் அதே ஏஆர்என் முடிவில் சாய்கோடு, நட்சத்திரம் சேர்த்ததற்கு. இரண்டுக்கும் ஒரே ஏஆர்என்னை மட்டும் எழுதினால் தளம் 403 (அனுமதி மறுப்பு) காட்டும், நீங்கள் கீ தப்போ என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சொந்த டொமைன் வைத்தால் சான்றிதழை மும்பையில் எடுக்காதீர்கள். கிளவுட்ஃபிரண்டுக்கு அது வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் இருக்க வேண்டும். வேறு எங்கே எடுத்தாலும் பட்டியலில் தெரியாது.

அதிகம் நேரம் தின்பது கார்ஸ், அதாவது ஒரு தளத்தின் பக்கம் வேறு முகவரியிலுள்ள கோப்பை எடுக்க பிரவுசர் எதிர்பார்க்கும் அனுமதி. ஐபோனில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு குரோமில் கறுப்புத் திரை. அல்லது நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. பிந்தையதற்குக் காரணம் நுணுக்கமானது. யாரோ லிங்கை நேரடியாகத் திறந்திருப்பார்கள். அந்தக் கோரிக்கையில் ஆரிஜின் ஹெடர் (எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்ற குறிப்பு) இருக்காது, அதனால் எஸ்3 கார்ஸ் ஹெடர் இல்லாமல் பதில் தரும். கிளவுட்ஃபிரண்ட் அதையே கேஷில் (தற்காலிகப் பிரதியில்) வைத்துக்கொண்டு அடுத்து வரும் பிளேயருக்கும் கொடுக்கும். எஸ்3 பக்கம் எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. கிளவுட்ஃபிரண்டிலேயே ரெஸ்பான்ஸ் ஹெடர் பாலிசி (பதிலோடு அனுமதிக் குறிப்பைச் சேர்க்கும் விதி) போட்டு, ஒருமுறை இன்வாலிடேட் செய்து பழைய பிரதியை நீக்குங்கள். மாதம் 1,000 பாதைகள் வரை இலவசம்.

காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்றால் சைன்டு குக்கி (பிரவுசரில் தங்கும் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு). வீடியோத் துண்டுகளின் பட்டியலான பிளேலிஸ்ட்டுக்கு மட்டும் சைன்டு யூஆர்எல் (கையொப்பமிட்ட லிங்க்) கொடுத்தால் அது திறக்கும், ஆறு ஆறு விநாடித் துண்டுகள் எல்லாம் 403 ஆகிவிடும். குக்கி போக வேண்டுமானால் வீடியோ டொமைனும் வகுப்புத் தளமும் ஒரே தாய் டொமைனில் இருக்க வேண்டும். கார்ஸில் நட்சத்திரம் செல்லாது, தளத்தின் முகவரியை அப்படியே எழுத வேண்டும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளவுட்ஃபிரண்டில் பிரைஸ் கிளாஸ் 100 (எந்த நாட்டு சர்வர்கள் என்று முடிவு செய்யும் அமைப்பு) தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. அதில் இந்தியா கிடையாது. மும்பையில் இருக்கும் பாடம் வெளிநாட்டு எட்ஜ் (விநியோக சர்வர்) வழியாகச் சுற்றிப் பேரணாம்பட்டுக்கு வரும், பிள்ளை சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 200 வையுங்கள்.

பாதியில் அறுந்த அப்லோடுகள் பக்கெட்டில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கி வாடகை ஏற்றும். 7 நாளில் அழிக்க லைஃப்சைக்கிள் விதி போடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கையும் வையுங்கள், ஆனால் அது மெயில் அனுப்புமே தவிர செலவை நிறுத்தாது.

எல்லாம் முடிந்ததும் இன்காக்னிட்டோவில் எஸ்3 முகவரியை நேரடியாகத் திறங்கள், அனுமதி மறுப்பு வர வேண்டும். பிறகு குடியாத்தத்திலோ ஒடுகத்தூரிலோ சாதாரண மொபைல் டேட்டாவில் பாடத்தை இருமுறை ஓட்டி, அந்த இணைப்பை லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டில் கொடுத்து, நெட்வொர்க் டேபில் ரெஸ்பான்ஸ் ஹெடரைப் பாருங்கள். எக்ஸ்-கேஷ் வரி 'ஹிட்' (கேஷிலிருந்து கிடைத்தது) என்றும், எந்த ஊர் சர்வர் என்று சொல்லும் பாப் வரி சென்னை விமான நிலையத்தின் குறியீடான 'எம்ஏஏ' என்றும் தொடங்கினால் பாடம் பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. வெளிநாட்டு ஊரின் குறியீடு தெரிந்தால் பிரைஸ் கிளாஸை முதலில் திறந்து பாருங்கள்.