கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கட்டும்

லண்டனில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகள் கோடைக்காலம் வந்தால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அறை எங்கே கிடைக்கும்?" என்பதுதான். தேடினால் அறை கிடைக்கும். வாடகைக்குப் பணமும் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் விசாவே கிடைத்திருக்காது. 2025 நவம்பர் முதல், லண்டனில் படிக்க வருபவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுக்கான தொகையை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் வீட்டுக்காரர்கள் ஜாமீனும் கேட்கிறார்கள். "இவர் வாடகை கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்" என்று கையெழுத்துப் போட பிரிட்டனில் வசிக்கும் ஒருவருக்கு இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

அப்படி ஒருவர் கிடைத்தாலும் போதாது. மாத வாடகையைப்போல் 36 மடங்கு ஆண்டு வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று பல வீட்டு முகவர்கள் கேட்கிறார்கள். 900 பவுண்டு அறைக்கு 32,400 பவுண்டு சம்பளம். அப்பாவுக்கு ஊரில் சொந்த வீடும் நிலமும் இருக்கலாம். இங்கே அவை கணக்கில் வராது. கடைசியில் தூரத்து உறவினரின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் தயங்கினால் குறை சொல்ல முடியாது. நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்த வீடு என்றால், எழுதியிருக்கும் விதத்தைப் பொறுத்து, முகமே தெரியாத மற்ற மூவரின் பாக்கியும் ஜாமீன் போட்டவர் தலையில் விழலாம். கேட்ட பிள்ளைக்காக மனம் துடித்தாலும், நானே அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன்.

ஜாமீன் இல்லாத பலர் பிடித்த வழி ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டுவது. சில இடங்களில் ஓராண்டு வாடகையே கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி அப்படிக் கட்டித்தான் உள்ளே போனாள். வீடியோ அழைப்பில் முகவர் காட்டியது ஜன்னலையும் புது மெத்தையையும். குளிர்காலம் தொடங்கியதும் அலமாரியை நகர்த்திப் பார்த்தால், சுவரின் அடியிலிருந்து இடுப்பு உயரம்வரை கறுப்புப் பூஞ்சை. தொங்கவிட்டிருந்த ஸ்வெட்டரின் முதுகிலும் அதே கறை. வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்றார், வாரக்கணக்கில் அதையே சொன்னார். வேறு அறைக்குப் போக அவளிடம் பணம் இல்லை. இருந்ததெல்லாம் அவரிடம்தான் இருந்தது.

இங்கிலாந்தின் 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டுகிறது. 2026 மே 1 முதல், தனியார் வீடுகளில் குடியேறும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மனதார வரவேற்கிறேன். ஆனால் முன்பணம் போனதும் வீட்டுக்காரர் விடாப்பிடியாகக் கேட்கப்போவது ஜாமீனைத்தான். அது இல்லாத பிள்ளைக்கு முன்பு பணத்தைக் கொட்டியாவது ஒரு கதவு திறந்தது. இப்போது அதுவும் அடைபடும். மிஞ்சுபவை இரண்டு: திரும்பக் கிடைக்காத கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தரும் தனியார் நிறுவனங்கள், மாணவர்களுக்கென்றே கட்டப்பட்ட பெரிய தனியார் விடுதிகள். அங்கீகரிக்கப்பட்ட நடத்தை விதிகளின்கீழ் வரும் விடுதிகளுக்கு இந்த ஒரு மாத வரம்பு பொருந்தாது. வாடகையும் பொதுவாக அதிகம்.

ஆகவேதான் சொல்கிறேன், இந்தப் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். மாணவரின் மதிப்பெண்ணைச் சரிபார்த்ததும், விசாவுக்காக உள்துறையிடம் அவருக்குப் பொறுப்பேற்றதும், வகுப்புக்கு வருகிறாரா என்று கண்காணிப்பதும் பல்கலைக்கழகம்தான். உள்நாட்டு மாணவர் கட்டுவதைவிடப் பல மடங்கு கட்டணத்தையும் அதுதான் வாங்குகிறது. அரசாங்கத்தின் முன் "இவர் எங்கள் மாணவர்" என்று சொல்ல முடிந்த நிறுவனம், வீட்டுக்காரர் முன் மட்டும் ஏன் வாய் மூடிக்கொள்ள வேண்டும்? பணம் போய்விடும் என்ற பயம் இருந்தால், அந்த மாணவரின் பங்கு வாடகைக்கு மட்டும் ஜாமீன் என்று எழுதட்டும். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் சில நிபந்தனைகளோடு இப்படி ஒரு திட்டத்தை நடத்துகிறது. மற்றவர்களுக்கு என்ன தடை?

இந்த ஆண்டு வருகிறவர்கள், சேர்க்கைக்கான முன்பணத்தைக் கட்டும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: வாடகைக்கு நீங்கள் ஜாமீன் தருவீர்களா, தனியார் வீட்டுக்கும் பொருந்துமா, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? பணம் கைமாறும் முன் கேட்டால்தான் பதில் விரைவாக வரும். அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கொடுக்காதீர்கள். காப்புத்தொகை (டெபாசிட்) பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது; அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று எழுதுகிறவருக்குப் பதிலே போட வேண்டாம். ஜாமீன் பற்றி உங்கள் பல்கலைக்கழகம் என்ன பதில் சொன்னது என்று கீழே எழுதுங்கள். தருகிற பல்கலைக்கழகம், தராத பல்கலைக்கழகம் இரண்டின் பெயரும் அடுத்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.