‘கார்டை மாத்து’ என்பது பதில் இல்லை

சனிக்கிழமை ராத்திரி நம் பிசி கேமிங் குழுவில் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனிமேல் பார்க்க முடியாது. அந்தத் தம்பி பதிவையே தூக்கிவிட்டார். அத்தனை சிரிப்புக் குறிகளை வாங்கிய பிறகு யாராக இருந்தாலும் தூக்கத்தான் செய்வார்கள்.

பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சைபர்பங்க் 2077 விளையாட்டில் வண்டியை வேகமாக ஓட்டினால் படம் நின்று நின்று போகிறது, எதிரே கட்டடம் வருவதற்குள் வண்டி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம் அண்ணா? கூடவே, கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜர் படமும் போட்டிருந்தார். கேள்வியோடு ஆதாரமும் கொண்டு வருகிற ஆளை நம் குழுவில் பார்ப்பதே அபூர்வம்.

அதற்கு வந்த பதில்கள்: ‘கார்டை மாத்து ப்ரோ.’ ‘பொட்டேட்டோ பிசி.’ ‘பிஎஸ்5 வாங்கிட்டு நிம்மதியா இரு.’ ‘ஃபார்மட் அடி, எல்லாம் சரியாயிடும்.’ எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர், ‘கேம் விளையாட வசதி வேணும் தம்பி’ என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் அதிக லைக்.

கார்டு என்றால் திரையில் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு. அவரிடம் இருந்தது ஆர்டிஎக்ஸ் 3060. மாற்றச் சொன்னவர்களில் எத்தனை பேர் அதைவிடப் பெரிய கார்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவரவர் போட்ட சிஸ்டம் படங்கள் இன்னும் குழுவிலேயே கிடக்கின்றன.

காரணம் அந்தப் படத்திலேயே இருந்தது. ஜிபியு, அதாவது கார்டின் மூளை, பாதி வேலைகூடச் செய்யவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பையன் விளையாட்டைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த விளையாட்டில் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் உட்கார்ந்திருக்காது. நாம் ஓட்ட ஓட்ட, அடுத்த தெருவை டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்கில் உள்ளே ஒரு முள் அங்குமிங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி வர வேண்டும். வண்டி வேகத்துக்கு அந்த முள்ளால் ஓட முடியாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. விளையாட்டைச் செய்த நிறுவனமே 2023இல் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைத் திருத்தி, ஹார்ட் டிஸ்க் போதாது, முள்ளே இல்லாத எஸ்எஸ்டி வேண்டும் என்று போட்டுவிட்டது. கடைப் பக்கத்தில் கீழே இறங்கிப் பார்த்தால் தெரியும். கார்டை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் பெரிய கார்டு, அதே டிஸ்குக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாக எழுதினேன். உடனே ஒருவர், ‘அங்கிள் தீசிஸ் சப்மிட் பண்ணிட்டார்’ என்றார். அண்ணா என்று கூப்பிட்டவர் கல்லூரிப் பையன். அங்கிள் என்றவரின் முகப்புப் படத்தில் அவருடைய பிள்ளை பள்ளிச் சீருடையில் நிற்கிறது. சரி, போகட்டும். எனக்குக் கோபம் அதில் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

என் கோபமெல்லாம் இதுதான்: ‘கார்டை மாத்து’ என்பது பதில் இல்லை. காரணம் என்னவென்று பார்க்காமல் பொருளை மாற்றச் சொல்வது, அடுத்தவன் பையில் கைவிட்டுச் செய்கிற தானம். வேலை பார்க்கிற நமக்கே ஒரு கார்டு என்பது மாதக்கணக்கில் யோசிக்கிற செலவு. 2021இல் கிரிப்டோ மைனிங் பைத்தியத்தில் கார்டு விலை எங்கே போனது என்று மறந்துவிட்டதா? 2025 கடைசியில் ஏஐ நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை ஏறிய ஏற்றம்? அந்தச் சூழ்நிலையில் ஒரு மாணவனிடம் ‘மாத்து’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எப்படி மனது வருகிறது?

எனக்கும் இது நடந்திருக்கிறது. விளையாடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, வீட்டில் கரண்ட் போன மாதிரி. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே எடுத்துப் போனார்கள், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெளியே கொண்டு வந்தார்கள். ‘கார்டு போச்சு சார். புதுசு போட்டுடலாமா?’ எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ‘அனுபவம் சார்’ என்றார்.

வீட்டுக்கு வந்து, விண்டோஸ் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கிற ஈவண்ட் வியூயரைத் திறந்தால் வரிசையாக கெர்னல் பவர் 41. அந்த எண் காரணத்தைச் சொல்லாது, ஒழுங்காக மூடாமலே சிஸ்டம் நின்றுபோனது என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் கார்டின் சூடு சரியாக இருந்தது. சின்ன விளையாட்டுகளில் மணிக்கணக்காக ஓடியது. கார்டு மின்சாரத்தை முழுதாக இழுக்கும் இடங்களில் மட்டும் அணைந்தது. அப்படியென்றால் யாரைச் சந்தேகப்பட வேண்டும்? கேபினெட்டோடு சேர்த்து ‘ஃப்ரீயாக’ வந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பெட்டியை. நண்பனிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டினேன். அணையவே இல்லை. ‘போன’ அந்தக் கார்டு இன்றைக்கும் என் அக்கா மகன் சிஸ்டத்தில் ஓடுகிறது. அவன் அதில் பழைய ஜிடிஏ விளையாட்டான சான் ஆண்ட்ரியாஸ்தான் விளையாடுகிறான் என்பது வேறு விஷயம். அதிலும் ஒருநாள் மவுஸ் திரும்பவில்லை என்று அழுதான். புது மவுஸ் வாங்கித் தர அவன் அப்பா தயாராகிவிட்டார். விளையாட்டின் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற, டாக்குமெண்ட்ஸில் இருக்கிற ஜிடிஏ_எஸ்ஏ.செட் என்ற கோப்பை அழித்தேன், மவுஸ் திரும்பியது.

இந்தப் பழக்கம் நம் ஊரில் புதிதில்லை. டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை என்று ஒரு பிழைச் செய்தி வருமே, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அதற்கு சர்வீஸ்காரர்கள் சொன்ன ஒரே வைத்தியம் ஃபார்மட். ஃபார்மட் அடித்தால் குடும்பப் படங்கள் போகும், சேவ் கேம் போகும், புது விண்டோஸில் அதே செய்தி மறுபடியும் வந்து நிற்கும். ஏனென்றால் விண்டோஸ் 7இல் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்துகிற டைரக்ட்எக்ஸ் 11 இருந்தாலும், பழைய விளையாட்டுகள் கேட்கிற அந்த டிஎல்எல் என்கிற துணைக் கோப்புகள் விண்டோஸோடு வருவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் விட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். இலவசம். அது தெரியாமல் கண்ட தளத்திலிருந்தும் டிஎல்எல் இறக்கி வைரஸ் வாங்கியவர்கள் எத்தனை பேர்.

‘சும்மா சொல்லாதீங்க, பெரிய கம்பெனிக்காரன் தப்பு விடுவானா, உங்க பிசிதான் சரியில்லை’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, ஜிடிஏ ஆன்லைன் கதை தெரியுமா? பிசியில் அது 2015இல் வந்தது. லோடாக நிமிடக்கணக்கில் ஆகும். நெட் ஸ்லோ, டிஸ்க் ஸ்லோ, ப்ராசஸர் பழசு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2021இல் வெளியிலிருந்து ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். விளையாட்டுக்குள் விற்கிற சாமான்களின் பட்டியல், சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மீதிக் கோப்பு எவ்வளவு நீளம் என்று கடைசிவரை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது நிரல். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சாமானும் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று முழுப் பட்டியலையும் துழாவியது. அதைச் சரி செய்ததும் லோடாகும் நேரம் அவருக்கு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளையாட்டைச் செய்த ராக்ஸ்டார் அதை ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. அத்தனை வருடங்கள் ‘உன் பிசி சரியில்லை’ என்று கேட்டுக் கேட்டுப் புது ப்ராசஸர் வாங்கியவர்களுக்கு யார் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்?

இன்னொன்று. 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்வகை ப்ராசஸர் வைத்திருந்தவர்களுக்கு அன்ரியல் எஞ்ஜின் என்ற மென்பொருளால் செய்த விளையாட்டுகள் நொறுங்கி விழுந்தன. திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? வீடியோ மெமரி, அதாவது கார்டின் நினைவகம், போதவில்லை என்று. 24 ஜிபி கார்டு வைத்திருந்தவருக்கும் அதே செய்தி. செய்தியை மட்டும் படித்தால் கார்டுதான் குற்றவாளி. உண்மையில் கோளாறு ப்ராசஸருக்குப் போன வோல்டேஜில் இருந்தது. இன்டெல், ப்ராசஸருக்குள் ஓடுகிற மைக்ரோகோடுக்குத் திருத்தம் விட்டது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. கம்ப்யூட்டரே கார்டைக் கைகாட்டும்போதும் கார்டு காரணமாக இல்லாமல் போகலாம். அப்படியிருக்க, படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் ‘கார்டை மாத்து’ என்று எப்படித்தான் எழுதுகிறீர்கள்?

சரி, எதிர்த்துச் சொல்பவர்களுக்கு வருகிறேன். ‘பழைய கார்டு நிஜமாகவே காரணமாக இருக்கலாமே?’ இருக்கலாம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு, அதைச் செய்த என்விடியாவே புது விளையாட்டுகளுக்கான டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருளை, நிறுத்திவிட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் ஏன் சண்டைக்கு வருகிறேன்?

‘கன்சோலில் இந்தத் தொல்லையே இல்லை.’ பிஎஸ்5 மாதிரி விளையாட்டுக்கென்றே செய்த பெட்டியைச் சொல்கிறார்கள். இதைச் சொல்பவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கன்சோலில் சிப் ஒன்றே ஒன்று, அதனால் ஷேடர்களை, அதாவது ஒளி, நிழல், நிறம் எல்லாம் வரைய கார்டில் ஓடுகிற சின்ன நிரல்களை, முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்துவிடலாம். பிசியில் ஒவ்வொரு கார்டுக்கும், ஒவ்வொரு டிரைவருக்கும் நம் வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். அதை முதலிலேயே செய்யாத விளையாட்டு, புது இடத்துக்குப் போகும்போதெல்லாம் தடுக்கித் தடுக்கி ஓடும். எல்டன் ரிங் 2022இல் வந்தபோது லட்சத்துக்கு மேல் கொடுத்துக் கார்டு வாங்கியவர்களுக்கும் பிசியில் தடுக்கியது. ஆக, அங்கேயும் கார்டை மாற்றிப் பயனில்லை, கவனியுங்கள். ஆனால் ‘தொல்லையே இல்லை’ என்கிறீர்களே, இதே சைபர்பங்க் 2020 டிசம்பரில் பிஎஸ்4இல் எப்படி ஓடியது? சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். அந்த ஆறு மாதமும் ‘நிம்மதியா இரு’ என்று சொன்ன கன்சோல் நண்பர்கள் எங்கே போயிருந்தார்கள்?

‘எல்லாருக்கும் உங்களை மாதிரி நேரம் இல்லை.’ இதுதான் உள்ளே போய்க் குத்துகிறது. எனக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, இஎம்ஐ இருக்கிறது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நான் விளையாடாமல், முகம் தெரியாத ஒரு பையனுக்காக எழுதினேன். உங்களுக்கு நேரம் இல்லை என்றால் கடந்து போகலாம். சிரிக்க நேரம் இருந்ததே. திருச்சி வெயிலில் மே மாதம் லேப்டாப் 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, ‘பின்னால் இருக்கிற தூசியை எடுத்தீர்களா?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? மானிட்டர் வயரை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறாரா என்று கேட்க? ராம் ஒற்றை ஸ்டிக்கா, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயோஸில், ராமை முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்று கேட்க? ‘கார்டை மாத்து ப்ரோ’ என்று தட்டச்சு செய்கிற அதே நேரம்தான்.

‘கிராக் போட்டு விளையாடுறவனுக்கு எதுக்கு உதவி?’ அந்தப் பையன் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் காசு கொடுத்து வாங்கியதாகப் பதிவிலேயே சொல்லியிருந்தார். அதையும் யாரும் படிக்கவில்லை.

சொல்லப்போனால் எனக்கு இந்த ‘மாத்து’ கூட்டத்தைவிட, முன்பதிவு கூட்டத்தின் மீதுதான் வருத்தம் அதிகம். அரைவேக்காட்டு விளையாட்டுகள் ஏன் வருகின்றன? வெளிவருவதற்கு முன்பே நாம் காசு கொடுத்துவிடுகிறோம், அதனால். 2015இல் பேட்மேன் ஆர்க்கம் நைட் பிசியில் ஓடின லட்சணத்துக்கு, அதை வெளியிட்ட வார்னர் நிறுவனம் விற்பனையையே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பாடம் கற்றோமா? 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிசிக்கு வந்தபோது ஷேடர் தயாரிப்பு ஓடி முடிவதற்குள்ளேயே பலருக்குப் பணம் திரும்பக் கேட்கிற நேரம் தீர்ந்துவிட்டது. ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கக் கூடாது, வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ‘ஷேடர் தயாராகிறது’ என்ற பட்டையைப் பார்ப்பதிலேயே போனால், விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது? இதைக் கேட்க வேண்டியது நிறுவனத்திடம். நாம் கேட்பதில்லை. நம்மில் ஒருவன் கேள்வி கேட்டால் அவனை ஏழை என்று சிரிக்கிறோம்.

நான் எதையும் முதல் நாளில் வாங்குவதில்லை. நாலைந்து பேட்ச் வரட்டும், தள்ளுபடி வரட்டும், அப்புறம் வாங்குகிறேன். அதற்குக் குழுவில் எனக்குக் கஞ்சன் என்று ஒரு பேர் இருக்கிறது என்பதும் தெரியும். அதை வைத்தவர் போன மாதம் முன்பதிவு செய்த விளையாட்டு ஓடவில்லை என்று எனக்குத்தான் இன்பாக்ஸில் செய்தி அனுப்பினார். அந்த விளையாட்டு கேட்கிற செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு அணைந்திருந்தது. பயோஸில் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். ஓடியது. சனிக்கிழமை ராத்திரி முதல் சிரிப்புக் குறி அவருடையதுதான்.