டம்மி டக்: பணத்துக்கு முன்னால் ஆள் சேர்த்துவையுங்கள்

டம்மி டக் என்கிற வயிற்று ஆபரேஷனின் விளம்பரத்தில் இரண்டு படம் போடுகிறார்கள். ஒன்றில் தொங்கும் வயிறு, அடுத்ததில் தட்டையான வயிறு. நடுவில் கழியும் வாரங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதைச் செய்துகொண்ட என் அக்காவுக்கு அந்த வாரங்களில் கூடவே இருந்து பார்த்தவள் நான். பணம் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டு வேலைக்கு ஆள் சேர்த்துவையுங்கள் என்றுதான் சொல்வேன்.

டம்மி டக் எடை குறைக்கும் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொங்கிப்போன தோலையும் அதன் அடிக் கொழுப்பையும் வெட்டி எடுத்து, கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய ஆபரேஷன். தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை நீளும், தொப்புளைச் சுற்றியும் இருக்கும். மங்குவதற்கே ஒரு வருடம் பிடிக்கலாம், முழுதாக மறையாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் தள்ளிப்போடுங்கள், தைத்த தசை மறுபடி விலகிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடே. அக்காவால் நிமிர முடியவில்லை, கூன் போட்டே நடந்தாள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டும். எழுவதென்றால் ஒருக்களித்து, கையை ஊன்றித்தான். தும்மல் வந்தாலே பயந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். வயிற்றிலிருந்து நீர் வடியும் குழாயின் டப்பாவை நான்தான் காலி செய்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதிவைப்பேன். இறுக்கமான பெல்ட் வேறு. வீக்கம் வடிய மாதக்கணக்காகும், தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வும் சட்டென்று போகாது.

சுமார் ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை, எதுவுமே கூடாது. ஆனால் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததுமே, "நல்லாத்தானே இருக்கே" என்று அடுப்படியைக் காட்டிவிடுகிறார்கள். அழகுக்காகச் செய்ததற்கு ஓய்வு ஒரு கேடா என்ற பேச்சு வேறு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தோல் மடிப்பில் வெயில் காலமெல்லாம் புண் வந்து அவள் பட்ட அவஸ்தை இவர்களுக்குத் தெரியுமா? அப்படியே அழகுக்காகச் செய்திருந்தாலும், தையல் போட்ட வயிறு வயிறுதானே?

டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) என்ற மேற்படிப்பை முடித்தவரா என்று கேளுங்கள். சலுகை விலையைப் பார்த்து மயங்காதீர்கள். கெண்டைக்காலில் திடீர் வலியோ வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். எதைத் தூக்கக் கூடாது, எத்தனை வாரம் என்பதை டாக்டர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.